சும்மா கிடக்கும் நிலமா?

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே இளைஞர் பகுதியின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவிலே ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசும்படி செயற்குழு எம்மைப் பணித்தது. சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் எம்மிலும் மிகக் கற்றோர் இம்மேடையிலே பேசியிருக்கிறார்கள். ஆகவே நாம் நாள்தோறும் கடந்து சென்றும் கருத்திற் கொள்ளாத ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டோம். அது எமது தீவகத்தின் களப்பும், தரவையும், குளமும் சேர்ந்த ஈரநிலம்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வருகின்றவருக்கு இருமருங்கிலும் ஆழமில்லாத நீர்ப்பரப்புத் தோன்றும். அதனைத் தாண்டினால் மாரியிலே நீர் நிற்பதும் கோடையிலே உப்புப் பூப்பதுமான வெளி; அதிலே உமரியும் கோரையும்; ஓரங்களில் கண்ணா மரமும் கண்டலும்; தூரத்தே பனங்கூடல். பேருந்திலே பக்கத்திலிருப்பவர், "எவ்வளவு காணி சும்மா கிடக்குது!" என்று பெருமூச்சு விடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருப்போம். அந்தக் காணி மெய்யாகவே சும்மா கிடக்கிறதா என்பதுதான் இன்றைய வினா. எமது கிணற்று நீருக்கும் அந்த வெளிக்கும் உள்ள தொடர்பைத் தெரிந்துகொண்டால் விடை தானே புலப்படும்.

நம்மிற் பலர் மிசன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே பூமிசாத்திர வகுப்பிலே நைல் நதியின் வெள்ளப் பெருக்கையும், கங்கையின் கழிமுகத்தையும் படமாக வரைந்து பழகினோம். ஆனால் எமது வாசலிலே கிடக்கும் தரவைக்கு அந்தப் புத்தகத்திலே ஓர் இடமும் இருக்கவில்லை. ஆறில்லாத நாட்டிலே பிறந்தவர்கள் ஆறுகளைப் பற்றியே படித்தோம். எமக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலே பாட்டிமாரிடமும், வயல்வரம்பிலே கமக்காரரிடமும் கேட்டே அறியவேண்டியிருந்தது.

முதலில் இந்த ஈரநிலம் யாது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். யாழ்ப்பாணக் களப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடந்து, மேற்கே எமது தீவுகளுக்கு நடுவேயுள்ள வாய்களால் பாக்குநீரிணையோடு கலக்கின்றது. பெரும்பாலான இடங்களிலே ஓர் ஆள் இறங்கி நிற்கத்தக்க ஆழந்தான். அடியிலே சேறும் சாதாளையும், விளிம்பிலே கண்டற்காடு, அதற்கு அப்பால் தரவை. தரவை என்பது மாரியிலே நீரேந்தியும் கோடையிலே மாடு மேய இடந்தந்தும் நிற்கும் திறந்த வெளி. அதற்கும் அப்பால், ஊருக்குள்ளே, எமது முன்னோர் வெட்டிய குளங்களும், கேணிகளும், துரவுகளும். களப்பு, தரவை, குளம் என்று பெயர் மூன்றாயினும் இவை ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. ஒன்றைக் கெடுத்து மற்றையதைக் காப்பது எளிதன்று.

இனிக் கிணற்றுக்கு வருவோம். எமது நிலத்தின் அடியிலே இருப்பது சுண்ணக்கல். அது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த பாறை. மழைநீர் அதனூடாக இறங்கும். கடல்நீரும் பக்கங்களிலிருந்து அதனூடாக நுழையும். நன்னீர் பாரம் குறைந்தது. உப்புநீர் பாரம் கூடியது. ஆகவே நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பதைப் போன்றதே இது என்று கொள்ளலாம். ஆயின் எண்ணெய் கலவாது. நன்னீரோ கவனமின்றிக் கையாண்டால் உப்போடு கலந்துவிடும்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியிலே ஒல்லாந்து தேசத்துப் பொறியியலாளராகிய கைபன் என்பவரும், சில ஆண்டுகள் கழித்து ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க் என்பவரும் இதனைத் தனித்தனியே கண்டு எழுதினார்கள். 41 அடி நன்னீரின் பாரமும் 40 அடி கடல்நீரின் பாரமும் ஏறத்தாழச் சமம். ஆகவே கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதனைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி நீரை இழந்தோமானால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலெழ வழிவிடுகின்றோம். பாறையின் தன்மைக்கேற்பக் கணக்குச் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் நியதி ஒன்றே: மேலே நிற்கும் சிறிதளவு நீரே கீழேயுள்ள பெரும் உப்பை அழுத்திப் பிடித்திருக்கிறது.

அந்தச் சிறிதளவு நீரை மேலே நிறுத்திவைப்பது எது? மழை எமக்கு ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதே பெரும்பகுதி. அம்மூன்று மாதத்து மழை உடனே கடலுக்கு ஓடிவிட்டால் கிணற்றுக்கு எஞ்சுவது சொற்பம். அது ஓடாமல், தரவையிலும் குளத்திலும் வயலிலும் வாரக்கணக்காகத் தங்கி நின்று, மெல்ல மெல்ல இறங்கவேண்டும். "சும்மா கிடக்குது" என்று நாம் சொல்லும் காணி அந்த மாதங்களிலே செய்யும் வேலை இதுதான். சம்பளம் கேளாத வேலையாதலால் எவரும் அதனைக் கணக்கிலே எழுதுவதில்லை.

மணலுக்கும் இக்கதையிலே பங்குண்டு. வேலணைச் சாட்டியிலே உள்ள நன்னீர்க் கிணறுகள் தீவகத்தின் பல ஊர்களுக்குக் குடிநீர் தந்தவை என்பதை யாவரும் அறிவர். கடலுக்கு மிக அருகே, மணற்பரப்பின் கீழே இனிய நீர் இருப்பது வெளியூரவருக்கு அதிசயமாகத் தோன்றும். மணல் மழையைச் சிந்தாமல் உறிஞ்சிப் பிடித்து வைப்பதே அதன் காரணம். மணலின்மேல் வீடு கட்டியவன் புத்தியில்லாதவன் என்ற வேதாகமக் கதையை மிசன் பாடசாலையிலே நாம் கேட்டிருக்கிறோம். எமது தீவிலோ மணலையெல்லாம் அள்ளி விற்றுவிட்டுக் கல்லின்மேல் வீடு கட்டுகின்றவனே பிற்காலத்திலே தாகத்தால் வருந்துவான்.

இவையெல்லாம் இக்காலத்து விஞ்ஞானம் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. தீவகத்தின் சரித்திரம் முழுவதிலும் நீரின் கதை ஊடுருவி நிற்கின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே பராக்கிரமபாகு மன்னனுடைய தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம் ஊராத்துறைக்கு, அதாவது எமது ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைப் பற்றிப் பேசுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும். மற்றைச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலமாயின் பாதிக்குப் பாதி என்பது அதிலே கண்ட விதி. அல்லைப்பிட்டியிலே கிடைத்த சீனத்து மட்பாண்டத் துண்டுகளும் அக்காலத்து வாணிபத்தையே காட்டுகின்றன. யானையும் குதிரையும் இறங்கிய துறையிலே அவற்றுக்கு நீர் காட்டாமல் இருந்திருக்க முடியுமா? கப்பற்காரர் கரைக்கு வருவதே நீர் எடுக்கவும் அன்றோ?

இன்னொரு செய்தி. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலிலே நிற்கும் கோட்டையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். சுற்றிலும் கடல், உள்ளே பீரங்கி. இருந்தும் குடிநீர் அற்றுப்போனமையால் காவற்படை பணிய நேர்ந்தது. கடலால் சூழப்பட்ட இடத்தை நீரின்மையே தோற்கடித்தது. தீவிலே வாழும் எமக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டியதில்லை.

அந்த ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் இன்றும் ஆங்கிலத்திலே வழங்குகின்றது. அந்நியர் ஆட்சியிலே நெடுந்தீவிலே குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அத்தீவின் வெளிகளிலே மேய்கின்றன. கடுங்கோடையிலே அவை நீரின்றி மடிந்த செய்திகள் பத்திரிகைகளிலே வந்ததுண்டு. 2015 ஆம் ஆண்டிலே நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் பிரகடனத்தைக் குதிரை குடிக்க முடியாது. குளம் நீரோடு இருந்தாலே குதிரையும் இருக்கும்.

எமது முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். குளத்தை வெட்டினார்கள், அதன் பக்கத்திலே மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் நட்டார்கள், வழிப்போக்கருக்குச் சுமைதாங்கியும், ஆலயத்துக்குத் தீர்த்தக் கேணியும் அமைத்தார்கள். நீருக்கு இடங்கொடுப்பதைத் தருமம் என்றார்கள். வள்ளுவப் பெருந்தகையும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வைத்த அதிகாரம் மழையின் சிறப்பைக் கூறுவதே. கோடை முடியுமுன் ஊரார் கூடிக் குளத்துச் சேற்றை அள்ளி வயலுக்கு இடுவர். வயலுக்குப் பசளை, குளத்துக்கு ஆழம். கரையொதுங்கும் சாதாளையும் பசளையாயிற்று. துலாவினாலே இறைத்த காலத்திலே கிணறு இளைப்பாறி ஊறவும் நேரம் இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் ஒரு நாளிலே இறைத்ததை ஒரு மணியிலே இறைக்கலாயினோம். கை ஓய்ந்தது, ஆனால் அடியிலிருந்த உப்பு ஓய்ந்திருக்கவில்லை.

பின்வந்த பொறியியலாளரும் களப்பையும் கிணற்றையும் ஒன்றாகவே நோக்கினர். 1954 ஆம் ஆண்டிலே நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் களப்பிலே சேரும் மழைநீரைக் கால்வாயினால் வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலே கடல்நீர் புகாதபடி தடுத்து, களப்பை நன்னீராக்கினால் குடாநாட்டுக் கிணறுகளும் நன்னீராகும் என்பது அதன் சாரம். தொண்டைமானாற்று அணை 1953 ஆம் ஆண்டளவிலே கட்டப்பட்டது. திட்டமோ முழுமை பெறவில்லை. களப்பு முழுவதும் நன்னீரானால் இறாலுக்கும் மீனுக்கும் என்ன நேரும் என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. அக்கேள்வியும் நியாயமானதே. ஆயினும், களப்பின் நிலையே கிணற்றின் நிலையைத் தீர்மானிக்கிறது என்ற அடிப்படைக் கருத்தை அத்திட்டம் எல்லோருக்கும் உணர்த்திற்று.

அப்பால் வந்த காலத்தைப் பற்றி இச்சபைக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டிலே யுத்தத்தினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடு பாழடைந்ததை எல்லோரும் பேசுகிறோம். குளமும் பாழடைந்தது. சேறு அள்ள ஆளில்லை, கட்டுத் திருத்த ஆளில்லை, கிணறுகள் தூர்ந்தன. பலர் திரும்பி வந்தனர். வேறு பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டனர். ஒருவன் தன் ஊருக்குத் திரும்புவதா இல்லையா என்று எண்ணும்போது முதலிலே கேட்பது, "கிணற்றுத் தண்ணீர் எப்படி?" என்பதே. ஆகவே நீரைப் பற்றிய இப்பேச்சு, இவ்வூர்களிலே இனி மக்கள் வாழ்வார்களா என்பது பற்றிய பேச்சும் ஆகும்.

நீரோடு நின்றுவிடாது இந்த நிலத்தின் பயன். கடலிலே பொரித்த இறாற்குஞ்சு களப்புக்குள்ளே வந்து, சாதாளைக்குள்ளும் கண்டல் வேருக்குள்ளும் ஒளிந்து வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகிறது. ஓராவும், திரளியும், நண்டும் இக்களப்பை நம்பியவை. சிறகுவலையும் களங்கண்டியும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் அவ்வாறே. ஆழ்கடலுக்குச் செல்ல வள்ளமில்லாத ஏழைக்குக் களப்பே கடல்.

பறவைகளும் உண்டு. மாரியிலே வடதிசைக் குளிருக்கு அஞ்சி மத்திய ஆசியாவிலிருந்தும் அப்பாலிருந்தும் ஊசிவால் வாத்தும் பலவகை உள்ளானும் எமது களப்புக்கு வருகின்றன. பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சொண்டினாலே நீரை வடித்து உண்பதைப் பண்ணைப் பக்கத்திலும் மண்டைதீவுப் பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் செந்நிறமும் அந்த இரையிலிருந்து வருவதே. களப்பின் கிழக்குப் புறத்திலே சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015 ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாயிற்று. நீரிணைக்கு அக்கரையிலே கோடிக்கரையும் பறவைகளுக்குப் பெயர்பெற்ற சரணாலயமே. எமது தீவகம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. வழிப்போக்கருக்குச் சுமைதாங்கி நட்ட ஊரல்லவா இது? சிறகுள்ள வழிப்போக்கருக்கும் தங்க இடம் இருந்தால் அது எமது குலப்பண்புக்கு ஒத்ததே.

ஈரநிலம் வெள்ளத்துக்கும் புயலுக்கும் நடுவே நிற்கும் மெத்தை எனலாம். 1964 ஆம் ஆண்டு மார்கழியிலே தனுஷ்கோடியை அழித்த புயல் எமது கரைகளையும் தாக்கியதை மூத்தோர் நினைவுகூர்வர். 2008 ஆம் ஆண்டு கார்த்திகையிலே வந்த நிஷா என்னும் புயலின் மழை குடாநாட்டையே மூழ்கடித்தது. பெய்யும் மழைக்கு ஓர் இடம் வேண்டும். தாழ்ந்த நிலத்தை மண்ணிட்டு நிரப்பிவிட்டால், அவ்வளவு நீரும் எமது விறாந்தைக்கே வரும்.

இனி, இந்த நிலத்துக்கு நேர்ந்த கேடுகளைப் பார்ப்போம். தரவையைக் குப்பை கொட்டும் இடமாக்கினோம். குளத்தின் கரையை ஆண்டுக்கு ஒரு முழமாக வேலிக்குள்ளே எடுத்தோம். மணலை அள்ளினோம். தீவுகளை இணைத்த பாலங்களும் தாம்போதிகளும் எமக்குப் பெரும் வரமே. நோயாளியைத் தோணியிலே ஏற்றிக் காற்றுக்குக் காத்திருந்த காலத்தை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆயினும் போதிய மதகில்லாத தாம்போதி நீரோட்டத்தை மறித்துக் களப்பைத் தூர்ந்துபோகச் செய்கின்றது. அண்மைக் காலத்திலே ஆழமற்ற கடலிலே கடலட்டைப் பண்ணைகள் பெருகியபோது, பொதுக் கடலை வலையிட்டு அடைக்கலாமா என்று சிறு மீன்பிடிப்பாளர் கேள்வி எழுப்பினர்.

புத்தளத்துக் கதையை நாம் மறக்கலாகாது. அங்கே களப்பின் கரையிலே கண்டலை வெட்டி இறாற் பண்ணை அமைத்தார்கள். சில ஆண்டு நல்ல பணம் வந்தது. 1990 களின் நடுப்பகுதியிலே வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட்டன. பண்ணையும் போயிற்று, கண்டலும் போயிற்று, உப்பேறிய குழிகள் எஞ்சின.

மண்டைதீவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2025 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1 ஆம் திகதி அங்கே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எமது சங்கத்திலே துடுப்பாட்டம் விளையாடாத இளைஞன் யார்? எமது பிள்ளைகள் எமது மண்ணிலேயே உலக வீரர்களைக் காணலாம் என்ற மகிழ்ச்சி எமக்கும் உண்டு. அதே வேளையிலே, அவ்விடம் ஈரநிலமாதலால் சூழலை ஆராயாமல் கட்டலாமா என்று இயற்கை ஆர்வலர் வினவினர். இவ்விரு குரலும் எமது காதிலே விழவேண்டியவை. ஒன்றைக் கேட்டவர் மற்றையவரைத் துரோகி என்பது அழகன்று.

"பறவைக்காக மனிதன் பட்டினி கிடப்பதா? வேலையில்லா இளைஞனுக்கு உமது பூநாரை சோறு போடுமா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதனை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. வீதி வேண்டும், வேலை வேண்டும், மைதானமும் வேண்டும். ஆனால் எந்த வேலையும் நீரில்லாத ஊரிலே நிலைக்காது. 2024 ஆம் ஆண்டிலே தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருவதற்கென அமைக்கப்பட்டது அது. நல்ல காரியமே, ஆனால் மின்சாரத்தையும் பணத்தையும் எரித்தே அந்த நீர் பிறக்கின்றது. தரவையும் குளமும் கிணற்றுக்குத் தந்த நீருக்கு எமது பாட்டனார் ஒருபோதும் கட்டணம் செலுத்தியதில்லை. இலவசமாகக் கிடைப்பதை அழித்துவிட்டு, அதனையே விலைக்கு வாங்குவது சிக்கனம் ஆகுமா? எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து தெளிந்தால் மைதானமும் இருக்கும், கிணறும் இருக்கும்.

உலகமும் இதனை உணர்ந்துவிட்டது. 1971 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆம் திகதி ஈரான் தேசத்து ராம்சார் நகரிலே ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 1990 ஆம் ஆண்டிலே அதிற் சேர்ந்தது. 2013 ஆம் ஆண்டு வரை புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என ஆறு இடங்கள் அப்பட்டியலிலே சேர்க்கப்பட்டன. மன்னாரின் வங்காலை அதிலே உண்டு. எமது தீவகத்திலே ஓரிடமும் அந்த ஆறினுள் இல்லை. பட்டியலிலே பெயர் வருவது பெருமைதான். ஆனால் அதற்காகக் காத்திருந்து கைகட்டி நிற்பது வாலிபர் சங்கத்துக்கு அழகன்று.

ஆகவே எமது சங்கத்தாலே இயலக்கூடிய ஐந்து காரியங்களை இச்சபை முன் வைக்கிறோம்.

முதலாவது, ஊர்க் குளம், கேணி, துரவு அனைத்தையும் எண்ணி, பெயரும் எல்லையும் எழுதி ஒரு பதிவேடு செய்வோம். பெரியோர்களே, குளத்தின் பெயரும், அதற்கு நீர் வரும் வாய்க்காலும் உங்கள் நினைவிலே உள்ளன. அவற்றை எமக்குச் சொல்லித்தாருங்கள். எழுதப்படாத எல்லை எளிதிலே நகர்ந்துவிடும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாதியிலே, மழைக்கு முன்பாக, ஒரு குளத்தையேனும் சிரமதானத்தினாலே தூர்வாருவோம். வெளிநாட்டிலே உள்ள ஊர்ச் சங்கங்கள் ஆலயத் திருப்பணிக்குத் தாராளமாக உதவுகின்றன. கோபுரத்துக்குத் தரும் பணத்திலே ஒரு சிறு பங்கைக் குளத்துக்கும் தரும்படி பணிவோடு கேட்போம். தீர்த்தமின்றித் திருவிழா ஏது?

மூன்றாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் சில கிணறுகளைத் தெரிந்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து குறிப்போம். அளக்கும் கருவி கைக்கடக்கமானது. நாலைந்து ஆண்டுக் குறிப்பு எமது கையிலே இருந்தால், அதிகாரிகளிடம் கண்ணீரோடு போகவேண்டியதில்லை, கணக்கோடு போகலாம்.

நான்காவது, ஒவ்வொரு தை மாதத்திலும் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். எமது பல்கலைக்கழக மாணவரும் பாடசாலைப் பிள்ளைகளும் அதிலே சேர்ந்து எமது களப்பின் பறவைகளை எண்ணட்டும். பெயர் தெரிந்த பறவையை எவரும் கல்லெறிந்து கொல்லார்.

ஐந்தாவது, மிக முக்கியமானது. பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு எழுதப்படும்போது, அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலை நாட்கள் வைக்கப்படவேண்டும் என்பது எமது நாட்டுச் சட்டம். அந்நாட்களிலே போய்ப் படிப்பவர் எத்தனை பேர்? முடிந்தபின் திண்ணையிலிருந்து குறை சொல்வதிலே நாம் வல்லவர்கள். இனி அவ்வறிக்கையைச் சங்கமே எடுத்து வாசித்து, தமிழிலே ஊராருக்கு விளக்கி, மதகு எத்தனை, வடிகால் எங்கே, கண்டல் எவ்வளவு போகும் என்று எழுத்திலே கேட்கட்டும். எதிர்ப்பதற்காக மட்டுமன்று, நல்லது நல்ல முறையிலே நடப்பதற்காகவும் கேட்போம்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. மண்வெட்டியும், குறிப்புப் புத்தகமும், விடாமுயற்சியுமே வேண்டும். விடாமுயற்சிதான் கடினம் என்பதை அறிவோம். ஓராண்டு செய்து படம் பிடித்து மலரிலே போட்டுவிட்டு மறப்பதானால், தொடங்காமலே விடலாம். ஆகவே வருகின்ற ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே, எத்தனை குளம் பதிந்தோம், எத்தனை கிணறு அளந்தோம் என்று செயலாளர் அறிக்கையிலே சொல்லவேண்டும் என இப்போதே ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி வேண்டுகிறோம். செய்யாவிடில் சபையோர் எம்மைக் கேளுங்கள்.

மழை பெய்யும்போது அது எவருடைய காணி என்று பார்த்துப் பெய்வதில்லை. நிலத்தின் கீழே சேரும் நீரும் வேலி அறியாது. மேல்வீட்டார் தரவையை நிரப்பினால் கீழ்வீட்டார் கிணறு உவர்க்கும். ஆகவே இது ஒருவர் தனித்துக் காக்கக்கூடிய செல்வமன்று. ஊராகச் சேர்ந்து காக்கவேண்டியது. அதற்குச் சங்கத்தை விடப் பொருத்தமான இடம் வேறு யாது?

குளப் பதிவேட்டுக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலிலே எம்மைச் சந்திக்கவும்.